சாம்பல் கொட்டிய வீட்டில் எது கெட்டால் என்ன செய்வது

ஜப்பானின் க்யூஷு தீவில் இருக்கும் ககோஷிமா நகரத்துக்கும் சகுராஜிமா எரிமலைக்கும் நடுவே நாலு கிலோமீட்டர் கடல்தான். படகில் பதினைந்து நிமிடம். 1955 முதல் அந்த மலை விட்டுவிட்டுக் கக்கிக்கொண்டே இருக்கிறது. எதிர்க்கரையில் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர் துணி காயப்போட்டு, கார் கழுவி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக் குடித்தனம் நடத்துகிறார்கள். எரிமலைச் சாம்பலோடு வீடு நடத்துவது எப்படி என்று கேட்டால் அந்த ஊரைத்தான் கைகாட்டத் தோன்றுகிறது. கீழே வருவதில் பெரும்பகுதி அந்த ஊரை மனதில் வைத்து எழுதியது. டோக்கியோப் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் நம்மவர்களும் படித்து வைக்கலாம். 1707இல் ஃபூஜி மலை வெடித்தபோது நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த எடோவிலும், அதாவது இன்றைய டோக்கியோவிலும், சாம்பல் விழுந்தது.

விறகடுப்புச் சாம்பலை நினைத்துக்கொண்டு இதில் கை வைக்காதீர்கள். இது பொடிப்பொடியாக உடைந்த பாறையும் எரிமலைக் கண்ணாடியும். ஒவ்வொரு துகளும் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு, பலது மாவு போல நைசாக இருக்கும். தண்ணீரில் கரையாது, அடியில் படிந்து இறுகும். கண்ணாடியைக் கீறும். நனைந்தால் மின்சாரத்தைக் கடத்தும். புதிதாக விழுந்த சாம்பலின் மேல் அமிலமும், கந்தகம், குளோரின், ஃப்ளோரின் சேர்ந்த உப்புகளும் ஒட்டியிருக்கும். சாம்பல் தானாகச் செய்யும் கேட்டைவிட, பதறிப்போய்த் துடைத்தும் தண்ணீரை வாரி ஊற்றியும் நாமே செய்துகொள்ளும் கேடு அதிகம் என்பது என் எண்ணம். அதனால் எந்த இடமானாலும் வரிசை ஒன்றுதான்: விழுந்து முடியும்வரை பொறுத்திருங்கள், முதலில் அள்ளுங்கள், கடைசியில் கழுவுங்கள்.

அறிவிப்பு வந்துவிட்டது, இன்னும் எதுவும் விழவில்லை

ஜப்பான் வானிலை முகமை சாம்பலுக்கென்றே தனி முன்னறிவிப்பு தருகிறது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வருவது, 'இப்போது வெடித்தால் எந்தப் பக்கம் விழும்' என்று சொல்லும். வெடித்த ஐந்து பத்து நிமிடத்தில் ஓர் அவசர அறிவிப்பு வரும். அரை மணிக்குள் விவரமான அறிவிப்பு வரும். அதில் அளவு மூன்று வகை: 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே 'குறைவு', 0.1 முதல் 1 வரை 'ஓரளவு அதிகம்', 1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் 'மிக அதிகம்'. அளவுகோல் தேட வேண்டாம், தெருவைப் பார்த்தாலே போதும். சாலையின் வெள்ளைக் கோடு மங்கினால் நடுவகை. தார் முழுவதும் மறைந்துவிட்டால் மிக அதிகம், அப்போது வெளியே போகவும் வண்டி எடுக்கவும் கூடாது.

ககோஷிமாக்காரர்கள் மழைக்கு முன்பே காற்றைப் பார்ப்பார்கள். கோடையில் கிழக்குக் காற்று சாம்பலை நகரத்தின் மேல் கொண்டுவரும். குளிர்காலத்தில் காற்று மாறி எதிர்ப்பக்கத்து ஓசுமி தீபகற்பத்துக்குப் போய்விடும். உள்ளூர்த் தொலைக்காட்சி, மலைக்கு மேல் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்பதையும் வானிலையோடு சேர்த்தே சொல்லும்.

கிடைக்கிற அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை: காய்கிற துணியை எடுங்கள். ஜன்னலையும் கதவையும் சாத்துங்கள். ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் அணையுங்கள். வாளி, பாத்திரம், குளியல் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். கூரை மழைநீரைச் சேமிக்கிறவர்கள் தொட்டிக்குப் போகும் குழாயை இப்போதே கழற்றிவிடுங்கள். இந்த ஒன்றை மறந்தால் அப்புறம் தொட்டி முழுவதையும் இறைக்க வேண்டிவரும். மூன்று நாளைக்கு வேண்டிய குடிநீரும் சாப்பாடும் கட்டாயம் வேண்டும், ஒரு வாரத்துக்கு இருந்தால் நிம்மதி. அதோடு டார்ச், பேட்டரி ரேடியோ, அகலமான டேப், பிளாஸ்டிக் விரிப்பு, துடைப்பம், முறம், மண்வெட்டி, கெட்டியான பைகள், எல்லாருக்கும் முகக்கவசம், காற்று புகாத கண்ணாடி. வழக்கமாகச் சாப்பிடும் மருந்தையும் மறக்க வேண்டாம்.

கண் உறுத்துகிறது, தொண்டை கரகரக்கிறது

கண்ணைக் கசக்காதீர்கள். கசக்கினால் துகள் கருவிழியைக் கீறிவிடும். சுத்தமான தண்ணீரை ஓடவிட்டுக் கழுவுங்கள். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் சாம்பல் விழ ஆரம்பித்ததுமே கழற்றிவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மாறுங்கள். லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு துகள் புகுந்தாலே போதும், வினை ஆரம்பித்துவிடும். கழுவிய பிறகும் சிவப்பும் கூச்சமும் போகாவிட்டால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

முகக்கவசத்தில் என்95 வகைதான் நல்லது, ஜப்பானில் அதற்கு இணையானது டிஎஸ்2. அது இல்லையென்றால் சாதாரண அறுவை சிகிச்சைக் கவசம், அதுவும் இல்லையென்றால் துணி. எதுவானாலும் முகத்தோடு இடைவெளியில்லாமல் படிய வேண்டும். தாடிக்கு மேல் போட்டால் பாதிப் பயன்கூட இருக்காது. துணியை நனைத்துக் கட்டினால் நன்றாக வடிகட்டும் என்று ஒரு நம்பிக்கை எல்லா ஊரிலும் இருக்கிறது. நனைப்பதால் வடிகட்டும் திறன் கூடுவதில்லை. கைக்குழந்தைக்குக் கவசமே போடக் கூடாது, மூச்சு முட்டும். குழந்தையை வெளியே கொண்டுபோகாமல் இருப்பதுதான் வழி. ஆஸ்துமாக்காரர்கள் இன்ஹேலரைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும். மூச்சிரைப்போ நெஞ்சு இறுக்கமோ வந்தால் சாம்பல் நிற்கட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவ உதவிக்குக் கூப்பிடுங்கள்.

எல்லாம் மூடியிருந்தும் வீட்டுக்குள் சாம்பல்

மூன்று வழிதான். கதவடி இடுக்கு, காற்று வெளியேற்றும் துளைகள், உங்கள் தலையும் செருப்பும். கதவடியில் ஈரத்துண்டைச் சுருட்டி வையுங்கள். துளைகளை டேப்பால் ஒட்டுங்கள். ஒட்டிய அறையில் கரி அடுப்போ மண்ணெண்ணெய் ஹீட்டரோ மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு சாம்பலைவிட வேகமாக ஆளைக் கொல்லும்.

போக வர ஒரே வாசலைப் பயன்படுத்துங்கள். அங்கேயே செருப்பு, மேல்சட்டை, தொப்பி மூன்றும் கழற்றப்பட வேண்டும். தலைமுடியை வெளியிலேயே தட்டிவிடுங்கள். நாயும் பூனையும் உள்ளேயே இருக்கட்டும். வெளியே போய் வந்திருந்தால் முதலில் பிரஷ்ஷால் தட்டி எடுத்து, அப்புறம் குளிப்பாட்டுங்கள். விட்டால் நக்கி விழுங்கிவிடும்.

துடைத்தால் கீறுகிறது, கூட்டினால் பறக்கிறது

சாம்பல் படிந்த மேசையை உலர்ந்த துணியால் ஒரு தேய் தேய்த்தால் அது உப்புத்தாள்தான். டிவி, போன் திரை, மூக்குக்கண்ணாடி, பாலிஷ் போட்ட மரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஈரத்துணியை மேலே வைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். துணியை அடிக்கடி வாளியில் அலசுங்கள். அந்த வாளித் தண்ணீரைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், ஏன் என்று கீழே வரும்.

தரைக்கு, லேசாகத் தண்ணீர் தெளித்து, துகள் ஒட்டிக்கொண்டதும் கூட்டி அள்ளுங்கள். வாசல் தெளிக்கிற அளவுக்கும் குறைவான தண்ணீர் போதும். அதிகமானால் சேறாகி, காய்ந்ததும் பூச்சு வேலை செய்த மாதிரி இறுகிவிடும். நைஸான வடிகட்டி இல்லாத வேக்யூம் கிளீனர் முன்பக்கம் இழுத்ததைப் பின்பக்கமாக அறை முழுவதும் ஊதிவிடும். ஹெபா வடிகட்டி இருந்தால் பயன்படுத்தலாம், பையைச் சீக்கிரம் மாற்ற வேண்டியிருக்கும். இலை ஊதும் கருவியைத் தெருவில் யாராவது எடுத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள்.

குழாய்த் தண்ணீர் கலங்கலாக வருகிறது, ருசி மாறியிருக்கிறது

ருசியும் நிறமும் உடல் கெடுவதற்கு முன்பே மாறிவிடும். அந்த வகையில் இது நல்ல எச்சரிக்கை. மூடியில்லாத தொட்டி, கிணறு, ஓடைத் தண்ணீர் ஆகியவற்றில்தான் ஆபத்து கூடுதல். கலங்கிய தண்ணீரை அப்படியே கொதிக்கவைத்தால் துகள்கள் போகாது, குளோரின் போட்டாலும் துகள்கள் கிருமிகளுக்கு மறைவிடம் ஆகிவிடும். முதலில் அசையாமல் வைத்துத் தெளியவிடுங்கள். மேல் தண்ணீரை மட்டும் மெதுவாக இறுத்து, துணியில் வடிகட்டி, அதற்குப் பிறகு கொதிக்கவையுங்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. கூரையிலிருந்து இறங்கிய தண்ணீரில் அந்தச் சந்தேகம் இருந்தால், சேமித்து வைத்ததைக் குடித்துவிட்டு இதைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். மனிதர் புல் மேய்வதில்லை, மாடு மேய்கிறது. ஐஸ்லாந்தில் 1783இல் லாக்கி வெடித்தபோது ஃப்ளோரின் படிந்த புல்லை மேய்ந்துதான் கால்நடைகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, பின்னாலேயே பஞ்சமும் வந்தது. சாம்பல் விழுந்தால் கொட்டிலில் கட்டி, மூடிவைத்த தீவனமும் தண்ணீரும் கொடுங்கள்.

இன்னொன்று. சாம்பல் நின்ற மறுநாள் ஊரே குழாயைத் திறந்து கழுவ ஆரம்பிக்கும். தண்ணீர் தட்டுப்பாடு பெரும்பாலும் அப்போதுதான் வருகிறது.

விளக்கு மினுக்குகிறது, மின்கம்பத்தில் சடசட சத்தம்

உலர்ந்த சாம்பல் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. தூறலோ பனியோ பட்டு ஈரமானதும், மேலே ஒட்டிய உப்புகள் கரைந்து, கம்பத்தின் பீங்கான் இன்சுலேட்டரைச் சுற்றி மின்சாரம் ஓடப் பாதை கிடைத்துவிடும். பலத்த மழை கழுவிவிடும், தூறல்தான் கெடுதல். 2016 அக்டோபரில் க்யூஷுவின் அசோ மலை வெடித்தபோது ஆயிரக்கணக்கான வீடுகளில் கரண்ட் போனது.

மினுக்க ஆரம்பித்ததும் கணினி, டிவி, ஃபிரிட்ஜ் ஆகியவற்றின் பிளக்கைப் பிடுங்குங்கள். கம்பத்தில் நீலப் பொறியோ சத்தமோ இருந்தால் தள்ளி நின்று மின் நிறுவனத்துக்குப் போன் செய்யுங்கள். மீட்டர் பெட்டி மீதோ வயர் மீதோ குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சுகிற வேலை வேண்டவே வேண்டாம். ஜெனரேட்டர் இருந்தால் வெளியே, ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள், காற்று வடிகட்டியை அடிக்கடி பாருங்கள்.

ஏசி ஓடுகிறது, குளிரவில்லை

வெளியே மாட்டியிருக்கும் யூனிட்டின் தகடுகளுக்கு நடுவே சாம்பல் அடைத்திருக்கும். பிரேக்கரை அணைத்துவிட்டு, முதலில் உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால் தகடு போகும் திசையிலேயே தட்டி எடுங்கள். எடுத்த பிறகு மட்டும் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். எடுத்த எடுப்பிலேயே தண்ணீர் விட்டால் உள்ளே போய் இறுகும், அப்புறம் மெக்கானிக்தான். மூடி போட்டு வைத்திருந்தால் எடுத்துவிட்டுத்தான் ஸ்விட்சைப் போட வேண்டும். கணினியில் விசிறி வேகமாகச் சுற்றிக் கத்தினால் அதே கதை, அணைத்து வையுங்கள்.

கார் கண்ணாடி தெரியவில்லை, வைப்பர் போட்டால் கோடு விழுகிறது

ஒரு முறை உலர்ந்த வைப்பரை ஓட்டினால் போதும், இரவில் எதிர் வண்டி விளக்கு படும்போதெல்லாம் அந்த அரைவட்டக் கீறல் கண்ணில் குத்தும். முதலில் தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கண்ணாடியில் இருப்பதை ஓடவிடுங்கள். வைப்பர் ரப்பரையும் தூக்கிக் கழுவுங்கள். அப்புறம்தான் வைப்பர். தண்ணீரை மிச்சம் பிடிக்க வேண்டாத ஒரே இடம் இதுதான். கோழி இறகுத் துடைப்பான், துண்டு எதுவும் காரின் உடம்பில் படக் கூடாது. தானியங்கி பிரஷ் வைத்த கழுவும் நிலையத்துக்குப் போவதானால், அழுத்தத் தண்ணீரால் சாம்பலை இறக்கிவிட்டுப் போங்கள்.

ஓட்டியே தீர வேண்டுமென்றால் விளக்கைப் போட்டு மெதுவாக, முன் வண்டியை விட்டு நன்றாகத் தள்ளி ஓட்டுங்கள். காரின் ஏசியை உள்காற்று சுற்றும் நிலையில் வையுங்கள். மெல்லிய சாம்பல் மேல் தூறல் விழுந்தால் சாலை வழுக்கும், பிரேக் பிடித்தும் வண்டி நிற்காது. 2013 ஆகஸ்ட் 18 மாலை சகுராஜிமாவின் புகை 5,000 மீட்டர் உயரம் எழுந்தபோது, ககோஷிமாவில் பகலிலேயே வண்டிகள் விளக்குப் போட்டு ஓடின, ரயிலும் நின்றது. இதெல்லாம் முடிந்த பிறகு இஞ்சின் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். கறுப்பாக அடைத்திருந்தால் மாற்றுங்கள், ஆயிலையும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள்.

கூரை முனகுகிறது, பீலி தொங்குகிறது

இங்கே கொஞ்சம் கணக்கு வேண்டும். நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரே ஒரு மில்லிமீட்டர் விழுந்தால் அது நூறு லிட்டர், எடை நூறு கிலோவுக்குப் பக்கத்தில். இந்த அளவு கூரைக்கு ஒன்றுமில்லை. பத்து சென்டிமீட்டர் விழுந்து மழையும் பெய்தால் சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிலோ. சாதாரணத் தகரக் கூரையோ பழைய மரச் சட்டமோ இதைத் தாங்குவது சந்தேகம். பிலிப்பைன்ஸில் 1991 ஜூனில் பினாட்டுபோ வெடித்த அதே நாளில் புயலும் அடித்தது. மழையை உறிஞ்சிய சாம்பலின் பாரத்தில் கூரைகள் இடிந்து விழுந்தன. அந்த வெடிப்பில் செத்தவர்களில் பெரும்பாலோர் கூரைக்கு அடியில் சிக்கியவர்கள்.

ஆகவே கூரையில் கனமாகச் சேர்ந்திருந்து மழையும் வரப்போகிறது என்றால் மழைக்கு முன் இறக்க வேண்டும். சட்டம் முனகினாலோ, கதவு திடீரென்று இறுக்கமாகத் திறந்தாலோ, மேற்சுவரில் புது விரிசல் தெரிந்தாலோ, இறக்குவது பற்றி யோசிக்காமல் ஆட்களை வெளியேற்றுங்கள்.

ஏறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. சாம்பல் விழுந்த ஊர்களில் சுத்தம் செய்யும்போது கூரையிலிருந்தும் ஏணியிலிருந்தும் விழுந்து அடிபடுகிறவர்கள் நிறைய. மெல்லிய சாம்பல் மேல் கால் வைத்தால் உருண்டு வழுக்கும். வயதானவர், பழக்கமில்லாதவர் ஏறவே கூடாது. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் நீண்ட கைப்பிடி வைத்த துடைப்பத்தை வைத்துக் கீழிருந்தே முடிந்ததைத் தள்ளுங்கள், மிச்சம் கிடக்கட்டும். ஏறியே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேர், இடுப்பில் கயிறு, மின்கம்பி எங்கே என்று பார்த்து. ஒரு பக்கமாகக் குவிக்காமல் இரு சரிவிலும் மாற்றி மாற்றி இறக்குங்கள்.

பீலியில், அதாவது கூரையோரத்தில் மழைத்தண்ணீர் வாங்கும் கால்வாயில், கையால் அள்ளி எடுங்கள். தண்ணீர் விட்டுத் தள்ளினால் இறங்கு குழாயில் போய் அடைக்கும். அடைத்த பீலி பாரம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு விழும்.

சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை, தெரு வடிகால் நிரம்பிவிட்டது

எல்லாரும் குழாயைப் பிடித்துக் கழுவி வடிகாலுக்கு அனுப்பியதன் பலன். சாம்பல் கனமானது, குழாய் வளைவில் படிந்து கெட்டிப்படும், குத்தினாலும் போகாது. சிங்க்கின் அடி வளைவைக் கழற்றி உள்ளே இருப்பதை வாளியில் கொட்டுங்கள். அடைப்பு நீக்கும் ரசாயனம் கல்லைக் கரைக்காது, காசைக் கரைக்கும். அமெரிக்காவில் 1980 மே 18 அன்று செயின்ட் ஹெலன்ஸ் வெடித்தபோது நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த யகிமா நகரத்தில் சாம்பல் சாக்கடை வழியே போய்க் கழிவுநீர் நிலையத்தையே கெடுத்துவிட்டது.

ககோஷிமா இதற்கு அழகாக ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. சாம்பல் அள்ளிப் போட மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பைகளை மாநகராட்சியே வீடுகளுக்கு இலவசமாகத் தருகிறது. வீட்டுக்காரர் தன் இடத்துச் சாம்பலை அதில் போட்டுக் கட்டி, குறிப்பிட்ட இடத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப் போகும். தெருவுக்கு உறிஞ்சும் வண்டிகள் தனி. உங்கள் ஊரில் மஞ்சள் பை இல்லாவிட்டால் சிமென்ட் சாக்கோ கெட்டியான பையோ எடுத்து, தூக்கக்கூடிய அளவுக்கு மட்டும் நிரப்புங்கள். விளிம்புவரை நிரப்பிய பையை யாராலும் அசைக்க முடியாது. குப்பையோடு கலக்காதீர்கள். ஊர் நிர்வாகம் சாம்பலை எங்கே கொட்டச் சொல்கிறது என்று கேட்டுவிட்டு அள்ளத் தொடங்குவது நல்லது.

துணியும் காய்கறியும்

துணியை வெளியே உதறி, தண்ணீரில் முக்கி அலசி, அப்புறம் மெஷினில் போடுங்கள், கொஞ்சம் கூடுதல் சோப்போடு. தோட்டத்துக் காய்கறியைச் சாப்பிடலாம், நன்றாகக் கழுவி, தோல் உரிக்கக்கூடியதை உரித்து. மெல்லிய படிவு மண்ணோடு கலந்தால் செடிக்குப் பாதகமில்லை, இலையில் இருப்பதை மட்டும் தண்ணீர் தெளித்து இறக்கிவிடுங்கள்.

சுத்தம் செய்து முடித்த பிறகும் திரும்பத் திரும்பப் படிகிறது

மலை மறுபடி கக்கவில்லை. தெருவில் காய்ந்து கிடப்பதைக் காற்றும் வண்டிச் சக்கரமும் கிளப்பிவிடுகின்றன. உங்கள் வாசலை மட்டும் எத்தனை முறை கூட்டினாலும் இது தீராது. பக்கத்து வீட்டுக்காரர் கூரையைத் தட்டுவதற்கு முந்தின நாள் நீங்கள் முற்றத்தைக் கழுவியிருந்தால் அத்தனையும் வீண். ஒரே நாளில் தெருவே சேர்ந்து, எல்லாரும் கூரையில் தொடங்கித் தரையில் முடிக்கும்படி பேசி வையுங்கள். அதுவரை ஜன்னலைத் திறக்கும் நேரத்தைக் காற்றில்லாத அதிகாலைக்கு மாற்றுங்கள், முகக்கவசத்தை எடுத்து உள்ளே வைத்துவிடாதீர்கள். முதல் நல்ல மழை பெய்து ஓய்ந்ததும் பீலியை இன்னொரு முறை பாருங்கள். கூரையில் மிச்சமிருந்ததெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும்.